மோஜோ: பையில் பிறந்த சொல்

(இந்த இதழில் ‘சொல் கேளுங்கள்’ பகுதிக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஒரே சொல்லைச் சுற்றி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.)

எங்கள் கம்பெனி மாதக் கூட்டத்தில் மேலதிகாரி, “நம்ம டீம் மோஜோவைத் தொலைச்சிடுச்சு, திரும்பக் கொண்டு வரணும்” என்கிறார். அகராதியில் ‘மந்திரம்’ என்று இருக்கிறது. நாங்கள் தொலைத்தது என்ன?
— வாசகர், ஓசூர் சிப்காட்

‘தொலைச்சிடுச்சு’ என்ற வினையை முதலில் கவனியுங்கள். திறமை தொலையாது, குறையும். உற்சாகம் வடியும். ஆங்கிலத்தில் மோஜோவை மட்டும் தொலைக்கிறார்கள், தேடுகிறார்கள், திரும்பப் பெறுகிறார்கள், பிறர் திருடிக்கொண்டதாகவும் சொல்கிறார்கள். சாவிக்கொத்துக்குப் பொருந்தும் வினைகள் எல்லாம் இதற்கும் பொருந்துகின்றன. மோஜோ முதலில் ஒரு குணத்தின் பெயராக இல்லை, கையில் எடுக்கக்கூடிய ஒரு பொருளின் பெயராக இருந்தது என்பதே காரணம். அது ஒரு சின்னத் துணிப்பை.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களும் அவர்கள் வழி வந்தவர்களும் வளர்த்த ஒரு வழிபாட்டு, மருத்துவ, மாந்திரீக மரபு உண்டு. அதற்கு ‘ஹூடூ’ என்று பெயர். வேர் வேலை என்றும் சொல்வார்கள், ஏனென்றால் அதில் வேருக்கு முதலிடம். அந்த மரபில் உடம்போடு ஒட்டி மறைத்து வைத்துக்கொள்ளும் மந்திரப் பைதான் மோஜோ. ‘மோஜோ கை’ என்றும் சொன்னார்கள். ‘கை’ என்று மட்டும் சொல்வதும் உண்டு.

1920களிலிருந்து இந்தச் சொல் அச்சிலும் இசைத்தட்டிலும் கிடைக்கிறது. 1930களில் கொச்சை வழக்கில் மார்ஃபின் போன்ற போதை மருந்துக்கும் இதே பெயர் ஒட்டியது. பிறகு பை பின்னுக்குப் போய், பை தருவதாக நம்பப்பட்ட ஆற்றல் முன்னுக்கு வந்தது: ஆளை ஈர்க்கும் வசீகரம், ஆண்மை, சூதாட்டத்தில் அதிர்ஷ்டம். 1999-ல் ஒரு ஆங்கில நகைச்சுவைப் படம் நாயகனின் மோஜோ திருடுபோவதையே கதையாக்கி, சொல்லை உலகம் முழுக்கக் கொண்டு போனது. அதன் பிறகு விளையாட்டுப் பக்கத்துக்கும் அலுவலகக் கூட்டத்துக்கும் வந்து, அங்கே ஆண்மை என்ற பொருளும் கழன்று, ‘நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது கூடவே இருக்கும் அந்த ஏதோ ஒன்று’ என்ற அளவில் நிற்கிறது.

உங்கள் அதிகாரி சொல்வது இந்தக் கடைசிப் பொருளைத்தான். தமிழில் “நம்ம டீமுக்குப் பழைய களை போயிடுச்சு” என்றால் முக்கால்வாசி வந்துவிடும். ‘மந்திரம்’ என்று போட்டால் கூட்டத்தில் யாருக்கும் விளங்காது.

அந்தப் பைக்குள் என்ன இருக்கும்? எப்படிச் செய்வார்கள்? நம் ஊர்த் தாயத்து போலத்தானா?
— வாசகி, பாலக்கோடு

துணி ஃபிளானல். பஞ்சுபோல மேலே மயிர் எழுப்பிய மெத்தென்ற துணி, பெரும்பாலும் சிவப்பு. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் தைத்து, வாயில் சுருக்குக் கயிறு கோத்திருப்பார்கள். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையைச் சின்னதாக்கிப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான்.

உள்ளே போகும் பொருள்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. குறைந்தது மூன்று, கூடினால் பதின்மூன்று. என்ன காரியத்துக்காகப் பை என்பதைப் பொறுத்துச் சரக்கு மாறும். பணவரவுக்கும் ஈர்ப்புக்கும் காந்தக்கல்லும் அதன்மேல் தூவ இரும்புத் துகளும். காவலுக்கு வெள்ளிக்காசு, உப்பு, சில இடங்களில் கல்லறை மண். ஒரு குறிப்பிட்ட ஆளைக் குறித்த பை என்றால் அந்த ஆளின் முடியோ, உடுத்திய துணியின் கிழிசலோ, பெயர் எழுதிய தாளோ உள்ளே இருக்கும். வெற்றிக்கும் ஆண்மைக்கும் ‘ஹை ஜான்’ என்று பெயர் வைத்த ஒரு வேர்க்கிழங்கு.

அந்தக் கிழங்கு நம் சர்க்கரைவள்ளிக்கு ஒன்றுவிட்ட உறவு. தாவரவியலில் இரண்டும் ஐபோமியா இனம். ஹை ஜானின் சொந்த ஊர் மெக்சிகோ, ஹலாப்பா நகரத்துப் பக்கம் (கடைகளில் இப்போது விற்கும் ஹலபேன்யோ மிளகாய்க்கும் அந்த ஊர்ப் பெயர்தான்). வயிற்றைக் கடுமையாகப் போக்கும் கிழங்கு அது. நம் சித்த மருத்துவத்தில் பேதிக்குக் கொடுக்கும் சிவதை வேரும் அதே குடும்பத்துக் கொடி. பையில் வைக்கத்தான் அந்தக் கிழங்கு, வாயில் வைக்க அல்ல.

எல்லாம் போட்டுச் சுருக்கை இழுத்துக் கட்டினால் பை தயார் என்று ஆகிவிடாது. அதற்குச் சாப்பாடு போட வேண்டும். விஸ்கியோ வாசனைத் தைலமோ சில சொட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் தடவுவார்கள். ஆங்கிலத்திலும் ‘ஊட்டுதல்’ என்றுதான் சொல்கிறார்கள். ஊட்ட மறந்தால் பை செத்துப்போகும். அடுத்தவர் கண்ணில் படக்கூடாது, அதைவிட முக்கியமாக அடுத்தவர் கை படக்கூடாது. பட்டால் அதன் வேலை நின்றது, புதிதாகத்தான் கட்ட வேண்டும். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துப் பக்கத்தில் பெண்கள் மட்டுமே இடுப்பில் கட்டிய ஒரு வகைப் பை உண்டு. அதை வீட்டு ஆண்கள் தொடவே கூடாது.

தாயத்திலிருந்து வேறுபடுவது இங்கேதான். தாயத்துக் குப்பியின் மூடியை அரக்கு வைத்தோ பற்றவைத்தோ அடைத்துவிட்டால் அதன்பின் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கழுத்திலோ கையிலோ வெளியே தெரியக் கட்டுகிறோம், குழந்தை இடுப்பில் ஊரே பார்க்கத் தொங்குகிறது. மோஜோவுக்கு உயிர் உண்டு என்பது நம்பிக்கை, அதனால் பசியும் உண்டு, சாவும் உண்டு. ஆங்கிலத்தில் மோஜோ ‘வேலை செய்கிறது’, ‘வேலை செய்யவில்லை’ என்று பேசுவதும் இந்த நம்பிக்கையோடு பொருந்துகிறது.

அடிமைகளுக்கு இதனால் என்ன பயன் கிடைத்திருக்கும்? வெறும் மூடநம்பிக்கைதானே?
— ஆசிரியர், பென்னாகரம்

1834-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஃபிரெடரிக் டக்ளஸ் அப்போது பதினாறு வயது மதிக்கத்தக்க அடிமை. அடிமைகளை அடித்துப் பணியவைப்பதில் பேர்போன ஒரு பண்ணைக்காரனிடம் வாடகைக்கு விடப்பட்டிருந்தார். அடி தாங்காமல் காட்டுக்குள் ஓடியபோது, சாண்டி என்ற இன்னொரு அடிமை அவருக்கு ஒரு வேரைக் கொடுத்தார். எப்போதும் உடம்பின் வலப்பக்கத்திலேயே வைத்துக்கொள், எந்த வெள்ளைக்காரனும் உன்னை அடிக்க முடியாது என்று சொல்லிக் கொடுத்தார். டக்ளஸுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, சாண்டியின் மனம் நோகக்கூடாதென்று வாங்கிக்கொண்டார். திரும்பிப் போனார். திங்கட்கிழமை பண்ணைக்காரன் கட்டிப்போட வந்தபோது எதிர்த்துப் பிடித்தார். ஏறக்குறைய இரண்டு மணிநேரம் மல்லுக்கட்டு. அதன்பிறகு அந்த ஆள் அவர்மேல் சாட்டையை ஓங்கவே இல்லை. பின்னாளில் அமெரிக்காவின் மிகப்பெரிய விடுதலைப் பேச்சாளராக ஆன டக்ளஸ் இதைத் தம் வரலாற்றிலேயே எழுதியிருக்கிறார்.

வேர் அடித்ததா, அவர் அடித்தாரா என்று கேட்டால் அவர்தான் அடித்தார். ஆனால் சட்டம், காவல், நீதிமன்றம் எதுவுமே தன் பக்கம் இல்லாத ஒருவனிடம், ‘உன்னிடம் ஒன்று இருக்கிறது’ என்று இன்னொரு அடிமை கையில் வைத்த பொருள் அது. மூடநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லில் அதை முடித்துவிட மனம் வரவில்லை. மோஜோ பிறந்த வயல் இதுதான்.

மோஜோ தமிழ் ‘மோகம்’ என்பதிலிருந்து போன சொல் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் பக்கம் கன்னடத்தில் ‘மோஜு’ என்றால் கொண்டாட்டம், தெலுங்கில் ‘மோஜு’ என்றால் ஆசை. அதுவும் இதுவும் ஒன்றா?
— கல்லூரி மாணவி, தேன்கனிக்கோட்டை

மூன்றும் வேறு வேறு. மூன்று மொழி புழங்கும் ஊரில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி இயல்பாகவே எழும்.

மோகம் வடமொழிச் சொல், ‘மயங்கு’ என்ற பொருளுள்ள ‘முஹ்’ என்ற வேரிலிருந்து வந்தது. கன்னட, தெலுங்கு ‘மோஜு’ இந்துஸ்தானி ‘மௌஜ்’ வழியாக வந்தது. அதற்கும் மூலம் அரபு, ‘அலை’ என்று பொருள். மனத்தில் எழும் அலை, பிறகு களிப்பு, பிறகு விருப்பம் என்று நகர்ந்திருக்கிறது.

மோஜோவின் மூலம் ஆப்பிரிக்காவில். தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரைத் தீவுகளில் குல்லா என்ற மக்கள் இருக்கிறார்கள், நெல் வயல்களில் வேலை வாங்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். அவர்கள் பேச்சில் ‘மோக்கோ’ என்றால் சூனியம். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலா மொழியில் ‘மோச்சோ’ என்பதை ஒட்டிய ஒலியில் மருத்துவ மந்திரவாதியைக் குறிக்கும் சொல் உண்டு. பெரும்பாலான அகராதிகள் கைகாட்டுவது இந்தப் பக்கம். இன்னொரு கருத்து காங்கோ நாட்டுச் சொல்லைக் காட்டுகிறது. கிகோங்கோ மொழியில் ‘மோயோ’ என்றால் உயிர், ஆன்மா. அதன் உறவு மொழியான சுவாஹிலியில் ‘மோயோ’ என்றால் இதயம். காங்கோ மக்களிடம் மருந்தும் மண்ணும் அடைத்து அதற்குள் ஒரு ஆவி குடியிருப்பதாகக் கருதும் பைகளும் கலங்களும் இருந்தன. பைக்கு உயிர் உண்டு, ஊட்ட வேண்டும் என்ற நம்பிக்கையோடு அது மிக நன்றாகப் பொருந்துகிறது. சொல்லை ஒரு பக்கமும் பையின் வடிவை இன்னொரு பக்கமும் தந்திருக்கலாம். ஒரே கப்பலில் பல மொழிக்காரர்களை அடைத்துக் கொண்டுபோன இடத்தில் ஒரு சொல்லுக்கு ஒரே தாய் இருந்தாக வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் இப்படிச் சொற்பிறப்பு வந்தால் சோதிக்க வழி இருக்கிறது. ஒலி ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்காதீர்கள், அது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில், மிகப் பழைய பதிவில் அந்தச் சொல் என்ன பொருளில் வருகிறது என்று பாருங்கள். மோஜோ பழைய பதிவில் பை. மோகத்துக்கும் பைக்கும் தொடர்பு காட்ட முடியாது. அடுத்து, சொல்லைத் தூக்கிப் போன ஆட்கள் யார்? மிசிசிப்பிப் பருத்திக் காட்டுக்குத் தமிழ் பேசுவோர் கூட்டமாகப் போன வரலாறு கிடையாது. ஆப்பிரிக்கர் போனதற்குக் கப்பல் கணக்கே இருக்கிறது. பிறகு பக்கத்து மொழிகளைப் பாருங்கள்.

இந்த மூன்றாவது சோதனையைத் தாயத்து மேலேயே போட்டுப் பார்க்கலாம். ‘தாய் + அத்து’, அதாவது தாயிடமிருந்து அறுந்த தொப்புள்கொடியை வைப்பதால் தாயத்து என்று ஒரு விளக்கம் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. தொப்புள்கொடியைக் காயவைத்துக் குப்பிக்குள் வைக்கும் வழக்கம் உண்மைதான். ஆனால் உங்கள் ஊரிலேயே தெலுங்குக்காரர் ‘தாயெத்து’ என்கிறார், கன்னடக்காரர் ‘தாயத’ என்கிறார், மராட்டியில் ‘தாயீத்’, உருதுவில் ‘தாவீஸ்’. தெலுங்கில் அம்மாவுக்குத் ‘தல்லி’ என்பார்கள். அங்கே ‘தாய் அத்து’ எப்படி நிற்கும்? எல்லாம் போய்ச் சேரும் இடம் அரபு ‘தஃவீத்’, ‘அடைக்கலம் தேடுதல்’. வசனம் எழுதிய தாளைத் தோலிலோ உலோகத்திலோ அடைத்துக் கட்டும் முஸ்லிம் வழக்கத்தோடு வந்த சொல். அதே வழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவிலும் பரவியிருந்தது. மண்டிங்கா மக்கள் குர்ஆன் வசனத்தைத் தோல் பொட்டணத்தில் தைத்து அணிந்தார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் மோஜோவுக்கு வழங்கும் ‘கிரிகிரி’ என்ற பெயர் அந்தப் பொட்டணங்களின் பெயர்தான்.

சொல் பிந்தி வந்தது என்பதால் வழக்கமும் பிந்தியது என்று நினைத்துவிட வேண்டாம். குறுந்தொகை 161-ஆம் பாட்டில் பிள்ளை கழுத்தில் புலிப்பல் தாலி இருக்கிறது. புறநானூறு 77-ல் இடைக்குன்றூர்கிழார், போருக்கு வந்து நிற்கும் நெடுஞ்செழியனைப் பார்த்து, ‘தாலி களைந்தன்றும் இலனே’, இன்னும் குழந்தைத் தாலியைக்கூடக் கழற்றவில்லை என்கிறார். அங்கே தாலி என்பது பிள்ளைக்குக் கட்டும் காப்பு.

ஓசூரில் ஒரு ஓட்டல் மெனுவில் ‘மோஜோ சிக்கன்’. சர்வர் ‘மோஹோ’ என்று திருத்தினார். எது சரி?
— வாசகர், சூளகிரி

சர்வர் சொன்னதுதான் சரி. அது ஸ்பானியச் சொல், ‘ஜ’ அங்கே ‘ஹ’. போர்த்துகீசியத்தில் குழம்புக்குச் சொல்லும் ‘மோல்யோ’விலிருந்து கனேரித் தீவுகளுக்குப் போய், அங்கிருந்து கியூபாவுக்குப் போனது. மந்திரப் பைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

கியூபா முறையில் செய்ய: பூண்டு 10 பல்லை அரை டீஸ்பூன் உப்புடன் நசுக்கி, அரை டீஸ்பூன் சீரகப் பொடி சேருங்கள். ஆலிவ் எண்ணெய் அரை டம்ளரை மிதமாகச் சூடாக்கி இதைப் போட்டு, அரை நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள். அசல் செய்முறையில் புளிப்பு ஆரஞ்சு. நம் கடையில் கிடைப்பதில் இரண்டு பங்கு ஆரஞ்சுச் சாறும் ஒரு பங்கு எலுமிச்சைச் சாறும் கலந்து அரை டம்ளர். எண்ணெய் கொஞ்சம் ஆறிய பிறகே சாற்றை ஊற்றுங்கள், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். பூண்டு சிவந்துவிட்டால் கசக்கும், அதைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

பத்திரிகைப் படிப்பில் ‘மோஜோ’ என்று ஒரு பாடம் இருக்கிறதாமே?
— மாணவர், தருமபுரி

மொபைல் ஜர்னலிசம் என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டிரண்டு எழுத்துகளை ஒட்டிய சுருக்கம், செல்போனிலேயே படம் பிடித்து, வெட்டி, செய்தி அனுப்பும் வேலை. பழைய சொல்லின் கவர்ச்சிக்காக அப்படிச் சுருக்கியது. 2015-ல் வந்த ஒரு மோட்டார் சைக்கிளுக்கும், 2023-ல் அறிவித்த ஒரு கணினி மொழிக்கும் அதே காரணத்துக்காக அதே பெயர் வைத்தார்கள்.

மோஜோவுக்குத் தமிழில் நேர்ச்சொல் வேண்டும். மொழிபெயர்க்கிறேன், ஒவ்வொரு இடத்திலும் மாட்டிக்கொள்கிறேன்.
— வாசகி, காவேரிப்பட்டணம்

ஒரே சொல்லைத் தேடுவதால்தான் மாட்டுகிறீர்கள். அந்த இடத்தில் மோஜோ எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: முகத்திலா, கையிலா, பேச்சிலா, பையிலா? தமிழ் இவற்றை வேறு வேறாகப் பார்க்கிறது.

பார்த்தவுடன் இழுப்பது என்றால் வசீகரம், பேச்சு வழக்கில் முகராசி. ஒருவர் இன்னொருவர்மேல் வேண்டுமென்றே போட்டதாகத் தொனித்தால் வசியம், அல்லது சொக்குப்பொடி. வசியம் ‘வசம்’ என்ற வடசொல்லின் வழி, மற்றவரைத் தன் பிடிக்குள் கொண்டுவருவது. சொக்குப்பொடியில் பிடி இல்லை, மயக்கம் மட்டும். “என்ன சொக்குப்பொடி போட்டாளோ” என்பதில் பாதி பாராட்டும் இருக்கிறது, “வசியம் பண்ணிட்டா” என்பதில் குற்றச்சாட்டு இருக்கிறது. மாற்றிப் போட்டுவிடாதீர்கள். நடையிலும் நிமிர்விலும் தெரிவது கெத்து. கெத்து பிறர் பார்க்க இருப்பது, மோஜோ மறைந்திருப்பது, அதனால் ‘கெத்து’ பல இடங்களில் தப்பாகப் போகும்.

தொட்டது துலங்கும் என்ற பொருளுக்குக் கைராசி. மோஜோவுக்கு மிக நெருங்கி வரும் தமிழ்ச்சொல் இதுதான் என்பது எங்கள் முடிவு. அங்கேயும் ‘மோஜோ கை’, இங்கேயும் கை.

ராசி முதலில் வடமொழியில் ‘குவியல்’. வானத்தில் நட்சத்திரக் குவியலுக்குப் பெயராகி, பிறகு சோதிடத்தின் பன்னிரண்டு வீடாகி, பிறகு ‘பொருந்திவருவது’ என்று ஆகிவிட்டது. (“இரண்டு பேரும் ராசியாயிட்டாங்க” என்பதில் வருவது வேறு ராசி. அது ‘சம்மதம்’ என்ற அரபு ‘ராஸி’. ராஜினாமாவிலும் அதுதான் இருக்கிறது.)

கைராசி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு விடியலில் போங்கள். முதல் போணி யார் கையால் என்பதில் கடைக்காரருக்கு அக்கறை இருக்கும். அந்த முதல் பணத்தைக் கண்ணில் ஒற்றித் தராசில் தொட்டு வைப்பார். பேரம் பேசி வாங்காமல் போகும் முதல் ஆள்மேல் வரும் கோபம் இரண்டு கிலோ விற்காததற்காக அல்ல, அன்றைய நாளையே கெடுத்துவிட்டதற்காக. தெலுங்கிலும் ‘போணி’தான், இந்தியில் ‘போஹ்னி’. ‘இவர் போணி செய்தால் அன்னைக்கு யாவாரம் ஓடும்’ என்று சொல்லப்படுபவரிடம் இருப்பதை ஒரு அமெரிக்கக் கறுப்பினத்தவர் தயங்காமல் மோஜோ என்பார்.

இன்னொரு இடம் சந்தூர் மாங்கன்று நாற்றங்கால். “அவர் கட்டுன ஒட்டு பிடிச்சுக்கும், கைராசி” என்பார்கள். அந்தக் கையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒட்டுக்குச்சியை மரத்திலிருந்து வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே அதன் இலைகளைக் கிள்ளிவிட்டிருப்பார், மொட்டு திரண்டு நிற்கட்டும் என்று. குச்சியும் வேர்ச்செடியின் தண்டும் ஒரே தடிமனாகத் தேர்ந்திருப்பார். தண்டைப் பிளப்பது நாலைந்து சென்டிமீட்டர் ஆழம். குச்சியின் அடியை ஆப்பு போலச் சீவுவது ஒவ்வொரு பக்கமும் ஒரே இழுப்பில், கத்தி திரும்பப் படாமல். சீவியதைத் தரையில் வைக்காமல் உடனே செருகி, பாலித்தீன் நாடாவைக் கீழிருந்து மேலே இறுக்கிச் சுற்றுவார். ஈரக்காற்றுள்ள ஆடி, ஆவணியில்தான் பெரும்பாலும் கட்டுவார். கைராசி இல்லாதவர் எனப்படுபவரிடம் வெட்டு அலை அலையாக இருக்கும், இடையில் காற்று நிற்கும், வெட்டிய முகம் ஒரு நிமிடம் காய்ந்திருக்கும், அல்லது கட்டு தளர்ந்து குச்சி ஆடும். பத்து நாளில் குச்சி கறுத்துவிடும். ஆகவே நீங்கள் மொழிபெயர்ப்பது ஒரு கைவினைஞரையோ ஆட்டக்காரரையோ பற்றி என்றால் கைராசி கச்சிதமாக உட்காரும். பிறர் அதிர்ஷ்டம் என்று நினைப்பதற்குள் பல வருடப் பழக்கம் ஒளிந்திருக்கிறது என்பதையும் அந்தச் சொல் ஏந்திக்கொள்ளும்.

கவிதை என்றால் இன்னும் பழைய சொல் ஒன்று உண்டு: அணங்கு. ஒருவரிடமோ ஓரிடத்திலோ குடியிருந்து, நெருங்குபவரை வருத்தும் ஆற்றல் அது. ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று குறள் 1081-ல் காதலன் திகைப்பது அழகைக் கண்டு மட்டும் அல்ல, அவளிடமிருந்து தன்மேல் ஏதோ பாய்வதைக் கண்டு. கதையில் அந்தப் பை, பையாகவே வரும் இடத்தில் மட்டும் ‘மோஜோ’ என்றே வைத்துவிட்டு, முதல் தடவை ‘மந்திரச் சுருக்குப்பை’ என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

இணையத்தில் ‘ஒரிஜினல் மோஜோ பை’ விற்கிறார்கள். ஆண்மை கூடும், சர்க்கரை நோய் குறையும் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், ஊத்தங்கரை

வாங்காதீர்கள். அந்த மரபுப்படியே பார்த்தாலும் அது மோஜோ ஆகாது. பை ஒரு ஆளுக்கென்று, அவருடைய முடியோ பெயரோ சேர்த்துக் கட்டுவது, அடுத்தவர் கை பட்டால் செத்துவிடும் என்பது அவர்களின் விதி. கிடங்கில் பத்துப்பேர் கை மாறிப் பொட்டலமாக வருவது அவர்கள் கணக்கில் வெறும் துணி.

இரண்டாவது, நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் சட்டம் இருக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் முதலியவை அதில் ‘மந்திரப் பரிகாரம்’ என்ற வரையறைக்குள் வருகின்றன. நீரிழிவைத் தீர்க்கும், பாலுறவுத் திறனைக் கூட்டும் என்று அவற்றுக்கு விளம்பரம் செய்வது குற்றம், முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. விளம்பரப் படத்தையும் ரசீதையும் எடுத்து வைத்துக்கொண்டு மாவட்ட மருந்து ஆய்வாளரிடமோ காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். பையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உள்ளே காந்தத் துண்டுகள் இருந்து குழந்தை ஒன்றுக்கு மேல் விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டுவிடும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது. வேரைக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னால் குடிக்காதீர்கள், காரணம் மேலே பாலக்கோடு வாசகிக்குச் சொன்னதே.

மோஜோ ஆண்களுக்கு மட்டுமே பொருந்தும் சொல் என்கிறார் என் தோழி. பெண்ணைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தலாமா?
— வாசகி, அரூர்

தாராளமாக. ஆண்மை என்று அது சுருங்கியது பின்னால்தான், அதிலும் 1999 படத்துக்குப் பங்கு அதிகம். 1927-லேயே ஐடா காக்ஸ் என்ற பாடகி மோஜோ கையைப் பற்றிய ஒரு புளூஸ் பாட்டை (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை அது) இசைத்தட்டாக்கினார். இந்தச் சொல்லை உலகம் அறியச் செய்த பாட்டு 1957-ல் மட்டி வாட்டர்ஸ் என்ற புளூஸ் பாடகரின் குரலில் வந்தது. ‘என் மோஜோ வேலை செய்கிறது, ஆனால் உன்மேல் மட்டும் செய்யவில்லை’ என்பது அதன் சாரம். எழுதியவர் பிரெஸ்டன் ஃபாஸ்டர். அதை முதலில் பாடியவர் ஆன் கோல் என்ற பெண், மட்டி வாட்டர்ஸ் கற்றுக்கொண்டது அவர் மேடையில் பாடக் கேட்டுத்தான்.